சவத்த விடலாமா?

எங்கள் பக்கத்தில் உதவாமல் போன எதற்கும் ஒரே வார்த்தைதான்: 'சவத்த விடு.' ஓடாத மோட்டார், திரும்பி வராத கடன், சொல்பேச்சு கேட்காத பிள்ளை, எல்லாத்துக்கும் இதுதான் மருந்து. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு சேறு ஒட்டிய இரண்டு ஹார்ட் டிஸ்குகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏறி இறங்கிய கடைகளிலும் இதையே சொன்னார்கள். 'தண்ணிக்குள்ள கெடந்திருக்கு. சவத்த விடுங்கக்கா. புதுசு வாங்கிக்கிடலாம்.'

சொன்ன பையனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. டிஸ்கின் விலை அவனுக்குத் தெரியும். உள்ளே கிடந்தது தெரியாது. மாஞ்சோலை எஸ்டேட் லைன் வீடுகளிலும், மலைக்குக் கீழே மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களிலும் பத்து வருஷமாக நானும் நண்பர்களும் உட்கார்ந்து பதிவு செய்த குரல்கள் அதில் இருந்தன. கொழுந்து பறித்தவர்கள், அட்டைக்கடியோடு பிள்ளை பெற்றவர்கள், 1999 ஜூலை 23இல் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு எப்படியோ கரையேறினவர்கள். கூடவே, பூஞ்சை பிடித்த வீடியோ கேசட்டுகளிலிருந்து ஏற்றிவைத்த படங்கள்.

ஜூலை 23 பற்றி இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த வருஷத்துக்குப் பின் பிறந்த மாணவர்கள் இதைப் படிப்பார்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்கு விட்ட எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட்டுகள் உருவாயின. அங்கே கூலி உயர்வு கேட்டுப் போராடி ஜெயிலுக்குப் போன 600க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுதலை செய்யச் சொல்லித்தான் அன்று நெல்லை கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. முன்னாள் நீதிபதி எஸ். மோகன் தலைமையில் கமிஷன் போட்டார்கள். அரசாங்கத்துக்கு அந்த நாளின் நினைவு ஓர் அறிக்கையாக இருக்கிறது. அன்றைக்குக் கரையில் கேமரா பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதும், அதே வருஷம் ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தை எடுத்தார் என்பதும் இல்லாமல் போயிருந்தால், ஊர்வலக்காரர்கள் தாங்களாகவே ஆற்றில் குதித்து மூழ்கினார்கள் என்பதுதான் சரித்திரமாக ஆகியிருக்கும்.

ஆக, தாமிரபரணிக் கரையில் நின்று 'சவத்த விடலாமா' என்று கேட்பது லேசுப்பட்ட கேள்வி இல்லை. செத்துப்போன ஒன்றிலிருந்து எதை மீட்பது, எதை முதலில் மீட்பது, அதை யார் சொல்வது, மீட்கவே கூடாதது என்று ஏதாவது உண்டா? தொழில்நுட்பக்காரர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட முடியாத கேள்விகள் இவை. அவர்களே இதை நம்மிடம்தான் கேட்கிறார்கள்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஹார்ட் டிஸ்குக்குள் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தட்டுகள் நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. அவற்றின் மேல் படிக்கும் தலை ஒன்று தொடாமல் மிதக்கிறது. தலைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பத்து நானோமீட்டருக்கும் குறைவு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தலை தட்டில் இடித்தால் தட்டின் மேல்பூச்சு உரியும். உரிந்த இடத்தில் இருந்தது போனது போனதுதான். மற்றபடி, கடையில் 'செத்துப்போச்சு' என்று சொல்லும் டிஸ்குகளில் பெரும்பாலும் தட்டு சாவதில்லை. மேலே உள்ள சர்க்யூட் போர்டு கருகியிருக்கும், தலை பழுதாகியிருக்கும், மோட்டார் இறுகியிருக்கும். எழுதினது எழுதினபடியே இருக்கும், படிக்க ஆள் இல்லாமல்.

வெள்ளத்தில் மாட்டிய டிஸ்குக்கு இன்னொரு சங்கதி உண்டு. சாதாரண டிஸ்க் மூச்சு விடும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க அதன் உடம்பில் சின்ன ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள், இதை மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியும் இருப்பார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணி உள்ளே போகிறது. 'வெயில்ல காயப்போடுங்க', 'அரிசிக்குள்ள பொதைச்சு வைங்க', 'ஹேர் டிரையர் காட்டுங்க' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். காயப்போட்டால் தண்ணியில் இருந்த உப்பும் மண்ணும் தட்டின் மேல் படலமாக இறுகிவிடும். அப்புறம் தலை அதன் மேல் பறக்க முடியாது. ஈரத்தோடேயே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, கரண்டு கொடுக்காமல், சீக்கிரமாக லேபுக்கு அனுப்ப வேண்டும். சிலர் சொல்லும் ஃப்ரிட்ஜ் வைத்தியமும் வேண்டாம், குளிரில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம்தான் பனிக்கும்.

லேபில் தூசியில்லாத அறையில் திறந்து, தட்டைக் கழுவி, தலையை மாற்றுவார்கள். மாற்றுத் தலை கடையில் தனியாகக் கிடைக்காது. இன்னொரு நல்ல டிஸ்கை வாங்கி, அதன் தலையைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும். அந்தக் கொடையாளி டிஸ்கும் இஷ்டத்துக்கு இருக்கக்கூடாது. அதே மாடல், முடிந்தால் அதே தொழிற்சாலை, உற்பத்தித் தேதியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நல்லது. இதைக் கேட்டுவிட்டு எங்கள் தோழர் ஒருவர் சொன்னார்: 'பாத்தியளா, டிஸ்குக்கும் சொந்தத்துக்குள்ளதான் பொண்ணு எடுக்காவ.'

சிரித்தோம். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. கழுவுவதற்கும் ஒரு செட் தலைக்கும் சேர்த்து லேப் கேட்டது, எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி பல மாசம் கொழுந்து பறித்தாலும் கையில் பார்க்காத தொகை. இரண்டில் சேதம் குறைந்ததாகத் தெரிந்த ஒன்றை மட்டும் அனுப்பினோம்.

'ஏன் வேற பிரதி வச்சிக்கிடல?' என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று பிரதி வை, இரண்டு விதமான ஊடகத்தில் வை, ஒன்றை வேறு ஊரில் வை என்று இதற்கு ஒரு விதியும் இருக்கிறது. நல்ல விதிதான். வேறு ஊரில் வீடும், மாசாமாசம் இணையச் சேமிப்புக்குக் கட்டப் பணமும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதிய விதி. எங்கள் பிரதி இரண்டு வீடுகளில் இருந்தது. இரண்டும் ஆற்றுக்குப் பக்கம். ஊருக்குள் வாடகைக்கு வீடு தேடும்போது 'நீங்க என்ன ஆளுக?' என்ற கேள்வியைத் தாண்டிக் கிடைக்கிற வீடு பெரும்பாலும் எந்தப் பக்கம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஜங்ஷன் வரைக்கும் வந்தது. கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளும் புகுந்தது. ஆற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. 1999இல் கொன்றதும் ஆறு இல்லை.

2003 பிப்ரவரி 1ஆம் தேதி கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் வானத்திலிருந்து எரிந்துகொண்டே விழுந்து, மாசக்கணக்கில் டெக்சாஸில் காய்ந்துபோன ஏரி ஒன்றில் கிடந்தது. பார்த்தால் உருகிய இரும்புத் துண்டு. செனான் வாயு பற்றிய ஓர் ஆய்வின் கணக்குகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தட்டுகளை எடுத்துத் துடைத்து வேறு டிஸ்கில் பொருத்தி, 99 சதவீதத்தை மீட்டது. 2008இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வானத்திலிருந்து எரிந்து விழுந்ததை எழுப்ப முடியும் என்றால், முழங்கால் தண்ணியில் கிடந்ததை எழுப்ப முடியாது என்பதற்கு அர்த்தம் என்ன? 'செத்துப்போச்சு' என்பது டிஸ்கைப் பற்றிய வாக்கியமாக எனக்குப் படவில்லை. இதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு வரும் பதில் அது.

பழசிலும் இதுதான் நடந்திருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர் கோவிலில் இருந்த பழைய ஏடுகளைத் தேடிப் போனபோது, பழுதாகிவிட்டன என்று அவற்றை ஆகம முறைப்படி தீயில் போட்டுவிட்ட சேதி கேட்டு நொந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். எது பழுது, எது தீக்கு, எது பதிப்புக்கு என்று சொல்லும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதை வைத்துத்தான் தமிழின் ஆவணக்காப்பகமே அமைந்திருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில் நடந்ததும் இந்த ஊரில்தான். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, பிறகு 'தமிழன்' என்ற பெயரில் 1914இல் சாகும்வரை நடத்திய பத்திரிகையைத் தமிழ் அறிவுலகம் தூக்கிப் பார்க்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. வருஷம் 1999. ஆற்றங்கரையில் அடித்த அதே வருஷம்.

காகிதம் ஏழைகளுக்குத் தோதான ஊடகம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. எண்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தாலும் எடுத்துப் பிரித்துப் படிக்க முடிந்தது. ஹார்ட் டிஸ்கை எண்பது வருஷம் பரணில் போட்டுவிட்டு யார் எழுப்புவது? பத்து வருஷம் சும்மா கிடந்தாலே ஓடும் என்று சொல்ல முடியாது. 'டிஜிட்டல் வந்தாச்சு, இனி எல்லாரும் பதிவு பண்ணலாம்' என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். பதிவு பண்ணலாம்தான். பதிவு பண்ணுவது மலிவாகி, வைத்துக் காப்பது காசுள்ளவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை யாரும் மேடையில் பேசக் காணோம்.

லேபிலிருந்து தட்டு தப்பித்திருக்கிறது என்று சேதி வந்தது. கூடவே ஒரு படிவம். புதுத் தலை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது, சில நாளும் ஓடலாம், சில மணி நேரத்திலும் போகலாம். அதனால் முக்கியமானதை முதலில் படித்துவிட வேண்டும், ஃபோல்டர்களை வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

இந்தப் படிவத்தை வைத்து நாங்கள் இரண்டு ராத்திரி சண்டை போட்டோம். ஜூலை 23இன் நேரடிச் சாட்சிகள்தான் முதலில் என்றார் ஒருவர். நாளைக்கு வரலாறு எழுதுபவனுக்கு அதுதான் வேண்டும். நியாயமாகத்தான் தெரிந்தது. பேசினவர்களில் யார் இப்போது உயிரோடு இல்லையோ அவர்கள் முதலில் என்றார் இன்னொருவர், உயிரோடு இருப்பவர்கள் மறுபடியும் பேசலாமே. இதுவும் நியாயம்தான். ஆனால் இந்த 'மறுபடியும்' எனக்கு உறுத்தியது. 2024இல் கம்பெனி எஸ்டேட்டை மூடுகிறோம் என்று விருப்ப ஓய்வில் கையெழுத்து வாங்கி ஆட்களைக் கீழே இறங்கச் சொன்னது. அரசின் டான்டீ நிறுவனம் ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாலு தலைமுறையாக இருந்த லைன் வீட்டின் அடுப்படியில், கையில் கட்டன் சாயாவோடு பேசின பேச்சை, கீழே யாரோ வீட்டு வாடகைத் திண்ணையில் உட்கார்த்திவைத்து மறுபடி வாங்க முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. பழுதான டிஸ்கை நகல் எடுக்கிற மென்பொருள்கள் முதல் சுற்றில் நோகாத இடங்களை மட்டும் படித்துவிட்டு, பழுதான இடங்களைத் தாண்டிப் போய்விடும். முரண்டு பிடிக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் தலையே போய்விடும் என்பதால் அதைக் கடைசிக்கு வைக்கும். உண்மை அறியும் குழுக்களில் போகிற தோழர்கள் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு தாயிடம் பிள்ளை எந்த இடத்தில் கையை விட்டு நழுவியது என்று முதல் கேள்வியாகக் கேட்டு, அடுத்த குழுவும் அதையே கேட்டு, அதற்கடுத்த பத்திரிகைக்காரரும் அதையே கேட்டு… வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்கிறது. சாட்சியம் என்பது எத்தனை தடவை அள்ளினாலும் வற்றாத ஊற்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வரிசையை நாங்கள் போடுவதில்லை என்று கடைசியில் முடிவானது. பேசினவர்களிடமும், போய்விட்டவர்களின் பிள்ளைகளிடமும் படிவத்தை எடுத்துக்கொண்டு போனோம். இதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. குரல் அவர்களுடையது. கேமராவும் டிஸ்கும் நம்முடையது என்பதால் குரல் நம்முடையதாகிவிடாது. 'தலித் ஆவணம்' என்று நாம் பெருமையாகப் பெயர் சூட்டி வைத்திருப்பதற்குள்ளும் இந்தச் சொத்துடைமைப் புத்தி புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

அவர்கள் போட்ட வரிசை நாங்கள் நினைத்தது எதுவாகவும் இல்லை. ஊத்து எஸ்டேட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'செத்தவங்கள மட்டுந்தான் முக்கியம்னு கேக்கிய. அப்போ நாங்க அடிவாங்கிச் செத்தாதான் ஒங்க டிஸ்க்ல மொத எடமா?' என்றார். மலைக்குப் புதிதாக வந்த காலத்தில் குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பாடின பாட்டுகளை அவருடைய மாமியார் பாடியிருந்தார். அதுதான் முதலில் வேண்டும் என்றார். தகப்பனாரை இழந்த ஒரு தம்பி, 'எங்க அப்பா பேசினது என் செல்லுல கொஞ்சம் கெடக்கு. மத்தவங்களுக்கு ஒண்ணுமே இல்லியே, அவங்கள மொத எடுங்க' என்றான். அரசியல் முக்கியத்துவம் என்று நாங்கள் பேசினது எல்லாம், கலவரம் நடந்தால் மட்டும் சேரிக்கு வருகிற பத்திரிகையின் கணக்குதான் என்று அப்போது பட்டது. அவர்கள் சொன்ன வரிசையையே அனுப்பினோம். பட்டியலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தாலாட்டு முழுசாக வந்தது. நேரடிச் சாட்சியங்களில் சில வந்தன, சில வரவில்லை. அதற்குள் தலை போய்விட்டது. தட்டு இன்னும் இருக்கிறது, காசு சேர்ந்தால் இன்னொரு தலை போடலாம்.

வேலை தொடங்கும் முன்னாலேயே லேபிலிருந்து இன்னொரு கேள்வியும் வந்திருந்தது. அழித்த கோப்புகளையும் மீட்க வேண்டுமா?

கம்ப்யூட்டரில் ஒன்றை அழித்தால் அது அழிவதில்லை. பெயர்ப்பட்டியலில் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை ஆள் அங்கேயே கிடப்பார். பெயர்ப்பட்டியலைப் பார்க்காமல் தட்டு முழுக்கத் துழாவி, படம் தொடங்கும் அடையாளம் எங்கே, குரல் தொடங்கும் அடையாளம் எங்கே என்று கண்டுபிடித்து எழுப்பிவிடுகிற மென்பொருள்கள் உண்டு. வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்பதும் அதைத்தானாம்.

அந்த டிஸ்கில் நாங்கள் அழித்த பதிவு ஒன்று இருந்தது. ஓர் அம்மா பேசியது. என்ன பேசினார் என்று இங்கே எழுதப்போவதில்லை. பேசி இரண்டு வருஷம் கழித்து என்னைக் கூப்பிட்டு, 'ஏட்டி, பேத்திக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். நான் பேசினது இருக்குல்லா, அத அழிச்சிரு' என்றார். அவர் கண்ணெதிரே அழித்தோம். அழிந்துவிட்டது என்று அவர் நம்பினார். நாங்களும்தான்.

இப்போது எங்களில் ஒருவர் சொன்னார்: அதைவிட முக்கியமான சாட்சியம் நம்மிடம் இல்லை, எடுத்துப் பூட்டிவைப்போம், அவர் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம். இதைச் சொன்னவர் மோசமானவர் இல்லை, அந்தப் பதிவின் பெறுமதி தெரிந்தவர். அவர் வாதத்தை நான் முழுசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. நமக்கு எதிரான வன்முறைக்குச் சாட்சி இல்லாமல் போவதே அந்த வன்முறையின் இரண்டாவது பாதி என்று இந்த இதழ்களிலேயே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறோம். ஆனால், ஒடுக்கப்பட்டவர்களின் மௌனத்தை உடைக்க வேண்டும் என்று சொல்கிற நாம், ஒரு பெண் வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொன்னதை மட்டும் பேச்சு இல்லை என்று கணக்கில் விட்டுவிடுவதா? அதுவும் அவருடைய சாட்சியம்தான். முதலில் சொன்னதைவிட யோசித்துச் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவன் தன் ஃபைலை மூடிவைக்கலாம், இத்தனை வருஷம் வெளியே விடமாட்டேன் என்று முத்திரை குத்தலாம். நம்மவர்களுக்கு மட்டும் மறைக்க ஒன்றும் இருக்கக்கூடாது, உள்ளும் புறமும் சரித்திரத்துக்குத் திறந்து கிடக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

அவரிடமே போய்க் கேட்டோம். டிஸ்க் விவகாரத்தை விளக்கப் பாதி மத்தியானம் ஆனது. அழித்தது சாகவில்லை என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அப்ப அது தண்ணியிலயும் போவலியா?' என்று மட்டும் கேட்டார்.

லேபில் பேசினவரிடம், தட்டு முழுக்கத் துழாவ வேண்டாம், பெயர்ப்பட்டியலில் இருப்பதை மட்டும் படியுங்கள், காலி என்று இருக்கிற இடத்தைத் தொடவே வேண்டாம் என்றேன். 'மேடம், இப்படி யாரும் கேட்டதில்ல. பின்னாடி வந்து ஏன் எடுக்கலன்னு சண்டை போடுவீங்க. எழுதிக் குடுங்க' என்றார். மூன்று வரியில் எழுதினோம். கீழே எங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா பேப்பரை வாங்கி, மை டப்பாவை எடுக்கப்போன பேத்தியைத் தடுத்து, 'ரேகை எதுக்கு, அறிவொளியில படிச்சிருக்கேம்லா' என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.